போர்க்கப்பல்களுக்கு உழவாரப் பணி



மதுரைக்கும் கடலுக்கும் உள்ள உறவு சற்றுத் தொலைவான உறவு. எங்கள் வையை மேற்கு மலைகளிலே பிறந்து, வழிநெடுகக் கண்மாய்களை நிரப்பிக்கொண்டே சென்று, பல ஆண்டுகளில் கடல்நீரைத் தொடாமலே இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது. ஆற்றுக்கே கடலோடு இத்தனை கூச்சம் என்றால், ஆற்றங்கரையில் வாழும் எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மதுரை மக்கள் பெருங்கூட்டமாகத் திரண்டு காணும் கலம் ஒன்றே ஒன்று. தைப்பூச நாளில் வண்டியூர்த் தெப்பக்குளத்தில் அம்மையும் அப்பனும் எழுந்தருளி வலம்வரும் தெப்பம் அது. அதுவும் விழாவுக்கென்றே அமைக்கப்படுவது. பழங்கலம் ஒன்றைப் பல்லாண்டுகள் கட்டிக் காக்கும் கவலை எங்களுக்கு நேர்ந்ததில்லை.

ஆயினும் இந்த வறண்ட சமவெளியிலிருந்து கடற்படைக்குச் சென்ற பிள்ளைகள் பலர். இராமநாதபுரம் சீமையில் உச்சிப்புளியிலே ‘பருந்து’ என்னும் கடற்படை விமான தளமும், திருநெல்வேலிச் சீமையில் விசயநாராயணத்திலே ‘கட்டபொம்மன்’ என்னும் கடற்படை நிலையமும் இருப்பதை நேயர்கள் அறிவார்கள். பதினைந்து, இருபது ஆண்டுகள் கப்பலில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் இன்று மேலூரிலும் திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் தோட்டம் பார்த்துக்கொண்டும், கடை வைத்துக்கொண்டும் அமைதியாக வாழ்கிறார்கள். என்னிடம் பயின்ற சிலரும் அவர்களுள் உண்டு. ஊரார் அவர்களுக்குத் தரும் மரியாதை ‘மிலிட்டரிக்காரர்’ என்ற பெயர் ஒன்றே. அவர்கள் கைகளில் என்ன கல்வி இருக்கிறது என்று கேட்டவர் அரியர். அத்தகைய கைகள் வேறு நாடுகளில் என்ன செய்திருக்கின்றன, நம் நாட்டில் என்ன செய்திருக்கின்றன, என்ன செய்ய முடியாமற் போயின என்பதைக் கூறுவதே இன்றைய பேச்சு.

ஒரு போர்க்கப்பல் பணியிலிருந்து ஓய்வு பெற்றால் அதன் கதி என்ன? பெரும்பாலானவை உடைப்புத் துறைக்குச் சென்று பழைய இரும்பாகின்றன. சில, பயிற்சிக்காகப் பீரங்கிக்கு இலக்காக நிறுத்தப்பட்டு மூழ்கடிக்கப்படுகின்றன. மிகச் சிலவே காட்சிச்சாலையாகின்றன. அவ்வாறு காட்சிச்சாலையாகி விட்டால் கப்பல் பிழைத்தது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதன் கடுமையான போர் அன்றுதான் தொடங்குகிறது. பகைவன் துரு.

பள்ளியில் செய்து காட்டும் எளிய சோதனை ஒன்று உண்டு. மூன்று கண்ணாடிக் குவளைகளில் புதிய இரும்பாணிகளைப் போடுங்கள். ஒன்றில் ஈரமே இல்லாத காற்று இருக்கட்டும். இரண்டாவதில் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய நீரை ஊற்றி, காற்றுப் புகாதபடி மேலே எண்ணெய் படரவிடுங்கள். மூன்றாவதில் சாதாரணக் குழாய்நீர். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மூன்றாவது குவளையின் ஆணியே சிவந்திருக்கும். நீரும் காற்றும் ஒருங்கே சேர்ந்தால்தான் இரும்பு துருப்பிடிக்கும் என்பது இதனால் விளங்கும். அந்த நீரில் ஒரு பிடி உப்பும் போட்டால் வேகம் இன்னும் மிகும். இப்பொழுது கப்பலை எண்ணிப் பாருங்கள். அதன் உடலில் நீரும் காற்றும் உப்பும் மாறிமாறித் தாக்கும் இடம் நீர்மட்டக் கோடு. அலை ஏறும்போது நனைகிறது. இறங்கும்போது காற்றுப் படுகிறது. ஓயாமல் இது நடக்கிறது. மேலும், துரு என்பது இரும்பைவிடப் பருமன் கூடியது. ஆகவே அது செதில் செதிலாய் உப்பி உதிர்ந்து, உள்ளிருக்கும் புதிய இரும்பைத் தானே திறந்துவிடுகிறது. வெண்கலத்தாலான சுழல்விசிறி ஒருபுறம், எஃகு உடல் ஒருபுறம், இடையே உப்புநீர் என்று அமைந்தால் அது ஒரு மின்கலம் போலாகி எஃகைத் தின்னத் தொடங்கும். இதற்காகவே கப்பலின் அடிப்புறத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். எஃகுக்குப் பதிலாகத் துத்தநாகம் கரையும். அது கரைந்து முடிவதற்குள் புதிய கட்டி மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் கப்பல் கரையும்.

கப்பல் பணியில் இருக்கும்வரை இந்தக் கவலை வெளியே தெரிவதில்லை. ஏனெனில் பெரிய போர்க்கப்பலில் ஆயிரம்பேர் வாழ்கிறார்கள். ஒவ்வொரு நாளும் எவரேனும் ஓரிடத்தில் துருவைத் தட்டி, சுரண்டி, நம் வீட்டு இரும்புக் கதவுக்கு அடிக்கிறோமே, அதுபோன்ற ரெட் ஆக்சைடு பூச்சு பூசிக்கொண்டே இருப்பார். ஓய்வு பெற்ற மறுநாள் அந்த ஆயிரம்பேரும் போய்விடுகிறார்கள். காவற்காரர் சிலர் மட்டும் இருக்கிறார்கள். துரு மட்டும் ஓய்வு பெறுவதில்லை.

இந்த இடத்தில்தான் முதியவர்கள் வருகிறார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும், ஒருகாலத்தில் இத்தகைய கப்பல்களில் பணி செய்த கிழவர்கள், விடுமுறை நாட்களில் ஊதியம் இன்றி வந்து, சுத்தியலும் சுரண்டியும் எடுத்துக்கொண்டு இரும்பைத் துடைக்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது நம் உழவாரப் பணி. திருநாவுக்கரசர் கையில் உழவாரப் படையை ஏந்திக் கோயில் கோயிலாகப் புல் செதுக்கிய வரலாற்றை யாவரும் அறிவர். இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் அன்பர்கள் கூட்டமாகச் சென்று, பழங்கோயில் விமானத்தில் முளைத்த ஆலஞ்செடியைப் பிடுங்கி, பிராகாரத்து நெருஞ்சியைக் களைந்து வருகிறார்கள். வேலையின் இயல்பு ஒன்றே. செடியின் வேர் கல்லைப் பிளப்பதும், துரு எஃகைப் பிளப்பதும் வேறல்ல.

இம்முதியோர் செய்த செயல்களுள் வியப்பின் எல்லையாகச் சொல்லத்தக்கது எல்.எஸ்.டி. 325 என்ற கப்பலின் கதை. அதற்கு அழகிய பெயர்கூட இல்லை, வெறும் எண். டாங்கிகளையும் வண்டிகளையும் போர்முனைக் கடற்கரையிலேயே கொண்டுபோய் இறக்குவதற்காக இரண்டாம் உலகப் போரில் கட்டப்பட்ட வகை அது. நீளம் 328 அடி. அடிப்புறம் தட்டையானது. மணலில் நேரே ஏறி நின்று, முகப்பிலுள்ள இரு கதவுகளையும் திறந்துவிடும். விரைவு மிகக் குறைவு. அதிற் பணியாற்றிய மாலுமிகளே அப்பெயரின் மூன்று எழுத்துக்களுக்கும் ‘பெரிய, மெதுவான இலக்கு’ என்று கேலியாக விரிவுரை கூறுவார்களாம். இத்தகைய கப்பல்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை கட்டப்பட்டன. எல்.எஸ்.டி. 325 என்பது 1942-இல் பிலடெல்பியாவில் நீரிலிறங்கியது. சிசிலியிலும் இத்தாலியிலும் படையிறக்கியது. 1944 ஜூன் மாதம் நார்மண்டிக் கரைக்குச் சென்றது. அதன்பின் ஆங்கிலக் கால்வாயை நாற்பது தடவைகளுக்கு மேல் கடந்து மீண்டது. அவ்வாண்டு டிசம்பர் 28-ஆம் நாள், ‘எம்பயர் ஜாவலின்’ என்ற படைக்கப்பல் தாக்குண்டு மூழ்கியபோது ஏறத்தாழ 700 உயிர்களைக் காத்தது. போருக்குப் பின் 1964-இல் கிரீஸ் நாட்டுக்குக் கொடுக்கப்பட்டு, ‘சீரோஸ்’ என்ற பெயரில் 1999 வரை உழைத்தது.

உடைப்புக்குச் செல்ல வேண்டிய அந்தக் கப்பலைத் தேடிக்கொண்டு 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து ஒரு கூட்டம் கிரீட் தீவுக்கு வந்தது. வந்தவர்கள் பெரும்பாலும் பழைய மாலுமிகள். அவர்களுடைய சராசரி வயது எழுபத்திரண்டு! நம் வீடுகளில் அந்த வயதினரை மாடிப்படி ஏறவிட மாட்டோம். அவர்கள் பல ஆண்டுகள் ஓடாமற் கிடந்த டீசல் எஞ்சின்களைப் பிரித்தார்கள், குழாய்களைச் சீர்செய்தார்கள், கப்பலிலேயே உண்டு உறங்கினார்கள். குளிர்காலத்தில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்க வேண்டாம் என்று அறிவுரை கூறியவர்களும் உண்டு. அவர்கள் கேட்கவில்லை. ராபர்ட் ஜார்ன்லின் என்ற முதியவரைத் தலைவராகக் கொண்டு நவம்பர் 14-ஆம் நாள் கிரீட்டை விட்டுப் புறப்பட்டார்கள். ஜிப்ரால்டரில் தங்கிச் செப்பனிட்டுக்கொண்டு, டிசம்பரில் பெருங்கடலில் இறங்கி, 2001 ஜனவரி 10-ஆம் நாள் அலபாமா மாநிலத்து மொபீல் துறைமுகத்தை அடைந்தார்கள். கரையில் மக்கள் திரண்டு நின்று வரவேற்றார்கள்.

இக்கதையில் வீரத்தை மட்டும் கண்டு மகிழ்ந்துவிடுதல் போதாது. அக்கப்பலை அவர்களால் ஓட்ட முடிந்தது ஏன்? எஞ்சின் 1940-களின் எஞ்சின். அதைப் பழுதுபார்க்கும் முறையை இன்று எந்தக் கல்லூரியும் கற்பிப்பதில்லை. இருபது வயதிலே அதனோடு இரவுபகல் கிடந்தவனுடைய கை, ஐம்பது ஆண்டு கழித்தும் எந்தத் திருகை எவ்வளவு திருக வேண்டும் என்பதை மறக்கவில்லை. பணம் கொடுத்தால் இரும்பு கிடைக்கும், பெயிண்ட் கிடைக்கும். இந்தக் கை கிடைக்காது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். அக்கப்பல் 2005 முதல் இந்தியானா மாநிலத்திலுள்ள எவன்ஸ்வில் என்ற ஊரில் நிலைகொண்டது. அவ்வூர் கடற்கரையில் இல்லை. மதுரையைக் காட்டிலும் கடலுக்கு மிகமிகத் தொலைவில், ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கிறது. போர்க்காலத்தில் அந்த ஆற்றங்கரையிலே இதே வகைக் கப்பல்கள் 167 கட்டப்பட்டன. உழவர்களும் தொழிற்சாலை மக்களும் கட்டிய கப்பல்கள் ஆற்றின்வழி கடலுக்குப் போயின. அந்த நினைவினால் அவ்வூர் மக்கள் இக்கப்பலைத் தம் குழந்தைபோல் ஏற்றுக்கொண்டார்கள். கடல் காணா ஊரார்க்குக் கப்பலில் அக்கறை ஏன் என்று இனி எவரும் என்னைக் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இங்கிலாந்தில், ஹார்ட்டில்பூல் என்னும் துறைமுகத்தில், தமிழ்ப் பெயர் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று நிற்கிறது. ‘டிரிங்கோமலி’ என்பது அதன் பெயர். நம் திருக்கோணமலைதான் ஆங்கிலேயர் நாவில் அவ்வாறு ஆயிற்று. கப்பலோ பம்பாயில், மலையாளக் கரைத் தேக்கினால், வாடியா என்னும் பார்சிக் குடும்பத்துத் தச்சர்கள் கட்டியது. ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா அதன் தலைமைத் தச்சர். அதன் வரைபடங்கள் முதலில் ‘ஜாவா’ என்ற கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டன. வழியில், 1812 டிசம்பரில், ‘கான்ஸ்டிடியூஷன்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஜாவாவை அழித்துவிட்டது, வரைபடமும் போயிற்று. மறுபடியும் ஒரு படி அனுப்பிய பின்னரே வேலை நடந்து, 1817 அக்டோபர் 12-ஆம் நாள் கப்பல் நீரிலிறங்கியது. அன்று அழித்த கப்பலும் இன்று பாஸ்டன் நகரில் காக்கப்படுகிறது. அழிந்த வரைபடத்தின் மறுபடியாற் பிறந்த கப்பலும் ஹார்ட்டில்பூலில் காக்கப்படுகிறது. காலம் இப்படியும் சமரசம் செய்து வைக்கிறது.

மரக்கப்பலின் நோய்கள் வேறு. கப்பற்புழு மரத்தைத் துளைக்கும். ஆகவே அடிப்புறத்தில் செப்புத் தகடு போர்த்துவார்கள். பலகைகளின் இடையிலுள்ள சந்துகளில் நாரோ பஞ்சோ திணித்து, மேலே கீல் பூசி அடைப்பார்கள். இதற்கு நம் மொழியில் ‘கலப்பற்று’ என்று பெயர். நாளடைவில், கப்பலின் நடுவு உயர்ந்து இரு முனைகளும் தாழ்ந்து, முதியவன் முதுகுபோல வளையும். டிரிங்கோமலி 1897-இல் ஒரு செல்வரால் வாங்கப்பட்டு, பயிற்சிக் கப்பலாக 1986 வரை நின்றது. பின்னர் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவரப்பட்டது. அவ்வூரில் கப்பல் கட்டும் தொழில் 1960-களிலேயே ஒழிந்து போயிருந்தது. ஆயினும் ‘வாரியர்’ என்ற 1860-ஆம் ஆண்டு இரும்புப் போர்க்கப்பலை 1979 முதல் 1987 வரை அங்கே புதுப்பித்தார்கள். அதில் தேர்ந்த கைகள் அடுத்தபடியாக டிரிங்கோமலியில் இறங்கின. 2001-இல் வேலை முடிந்தது. பழைய தேக்கில் பெரும்பகுதி இன்னும் அப்படியே இருக்கிறது என்பது நம் நாட்டு மரத்துக்கும் தச்சருக்கும் பெருமை. நான் வற்புறுத்துவது வேறொன்று. ஒரு கப்பலில் கற்ற கை ஓய்வதற்குள் அடுத்த கப்பல் அதற்குக் கிடைத்தது. இடையில் இருபது ஆண்டு இடைவெளி விழுந்திருந்தால் அந்தத் தொழிலை யாரிடம் கற்பது?

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். அதைச் சொல்ல நா எழவில்லை. எனினும் சொல்லியாக வேண்டும்.

‘விக்ராந்த்’ நம் நாட்டின் முதல் விமானந்தாங்கிக் கப்பல். இங்கிலாந்தில் தொடங்கிப் பாதியில் நின்ற கப்பலை 1957-இல் நம் அரசு வாங்கி முடித்து, 1961 மார்ச் 4-ஆம் நாள் கடற்படையில் சேர்த்தது. 1971-ஆம் ஆண்டுப் போருக்கு முன்னர் அதன் கொதிகலனில் விரிசல் கண்டது. உரிய மாற்றுப் பொருள் இல்லை. கப்பலைப் போருக்கு அனுப்புவதா, கரையிலேயே நிறுத்துவதா என்ற ஐயம் எழுந்தது. விரிசல் கண்ட கொதிகலனோடு, வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அதைக் கடலுக்கு அனுப்பினார்கள். அவ்வாண்டின் நடுவில் அது சென்னைத் துறைமுகத்திலும் நின்றது. டிசம்பரில் அதன் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. அப்போது கொதிகலன் அறையில் நின்றவர்கள் எத்தகைய மனநிலையில் நின்றிருப்பார்கள்! உயர்ந்த அழுத்தத்தில் நீராவி; எதிரே விரிசல் விழுந்த இரும்பு; மேலே விமானங்கள் எழும்ப வேண்டிய அவசரம்.

1997 ஜனவரி 31-ஆம் நாள் விக்ராந்த் ஓய்வு பெற்றது. 2001-இல் மும்பையில் காட்சிச்சாலையாகத் திறக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்த்தார்கள். ஆனால் 700 அடி நீளமுள்ள அவ்வளவு பெரிய கப்பலைத் துருவிலிருந்து காக்கும் செலவை ஏற்க நிலையான ஏற்பாடு அமையவில்லை. 2012-இல், உள்ளே மக்களை விடுவது ஆபத்து என்று கதவு மூடப்பட்டது. 2014 தொடக்கத்தில் சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. பொதுநல வழக்குத் தொடுத்துத் தடுக்க முயன்றார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்திலும் அம்முயற்சி பலிக்கவில்லை. நவம்பரில் உடைக்கத் தொடங்கினார்கள். அந்த இரும்பிற் கொஞ்சம் மோட்டார் சைக்கிளாயிற்று; கொஞ்சம் மும்பையில் ஒரு நினைவுச் சின்னமாயிற்று. ‘விராட்’ என்ற அடுத்த விமானந்தாங்கியும் 2017-இல் ஓய்வு பெற்று, 2020-இல் ஆலங் கடற்கரைக்கு உடைபடச் சென்றது. புதிய விக்ராந்த் ஒன்று 2022 செப்டம்பரில் கொச்சியில் கடற்படையில் சேர்ந்தது உண்மையே. பெயர் பிழைத்தது பெருமையே. ஆனால் பேரன் பிறந்தான் என்பதற்காகத் தாத்தாவின் கைத்தடியை விறகாக்குவதில்லை.

குறை யாருடையது? அரசைச் சொல்லலாம்; பணமின்மையைச் சொல்லலாம். நான் ஒன்றை மட்டும் சொல்வேன். விக்ராந்தில் முப்பத்தாறு ஆண்டுகளில் பணியாற்றியவர்கள் பல்லாயிரவர். அவர்களைத் திரட்டி, வாரம் ஒரு நாள் வந்து துரு தட்டுங்கள் என்று அழைக்கும் வழக்கம் நம்மிடம் வளரவில்லை. கோயிலுக்கு உழவாரம் செய்யத் தெரிந்த நாட்டில், கப்பலுக்கு உழவாரம் செய்யலாம் என்ற எண்ணம் தோன்றவில்லை. அத்தனை பெரிய கப்பலைத் தொண்டர்கள் மட்டும் காத்திருக்க முடியாது என்பதும் மெய்தான். உலர்துறையில் ஏற்றி அடிப்புறத் தகடு மாற்றுவது கோடிக்கணக்கில் பணம் விழுங்கும் காரியம். ஆனால் வெளிநாடுகளில், தொண்டர் கூட்டம் முதலில் கூடுகிறது. அதைக் கண்டு ஊரார் பணம் தருகிறார்கள். அதைக் கண்டு அரசு அசைகிறது. கைகள் முந்தினால் பை பின்னே வரும்.

நம் நாட்டில் நல்ல முன்மாதிரி இல்லாமலும் இல்லை. விசாகப்பட்டினத்துக் கடற்கரையில் ‘குர்சுரா’ என்ற நீர்மூழ்கிக் கப்பல் கரையேறி நிற்கிறது. சோவியத் நாட்டில் கட்டப்பட்டு, 1969 டிசம்பர் 18-ஆம் நாள் நம் படையில் சேர்ந்தது. 1971-ஆம் ஆண்டுப் போரில் கடற்காவல் பணி செய்தது. 2001 பிப்ரவரி 27-ஆம் நாள் ஓய்வு பெற்றது. அதைக் கடலிலிருந்து இழுத்து, ஏறத்தாழ 600 மீட்டர் நகர்த்தி, கரையில் நிறுத்தவே பதினெட்டு மாதங்களும் ஐந்தரைக் கோடி ரூபாயும் ஆயின. 2002 ஆகஸ்டில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே வழிகாட்டிகளாக அமர்த்தப்பட்டவர்கள் ஓய்வு பெற்ற கடற்படையினர் அறுவர். காப்பாளராக இன்னொருவரும் கடற்படையிலிருந்து வந்தவரே. இவர்கள் ஊதியம் பெறுவோர். மேலே சொன்ன அமெரிக்கரைப்போலத் தொண்டர் அல்லர். ஆனால் கப்பலையும் அதை அறிந்தவரையும் பிரிக்காமல் வைத்த அந்த அறிவுக்கு நான் தலை வணங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் சென்று பார்த்தேன். நீளம் 91 மீட்டர். அகலம் 8 மீட்டர். அதற்குள் எழுபத்தைந்துபேர் வாழ்ந்தார்கள். ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்ல வட்டமான சிறு வாயில். ஒரு காலை முன்னே விட்டு, உடலை மடக்கி, தலையைக் கடைசியாக நுழைக்க வேண்டும். வந்தவர்களுள் தலை இடிக்காதவர் அரியர். வழிகாட்டியோ பின்புறம் திரும்பி எங்களோடு பேசிக்கொண்டே நுழைந்து சென்றார். அவர் வாயிலைப் பார்க்கவே இல்லை; அவர் உடல் தானாகக் குனிந்தது. டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். நீரடியில் காற்று இல்லை. ஆகவே மூழ்கியபின் மின்கலங்களில் சேமித்த ஆற்றலாலே மோட்டார் ஓடும். மின்கலம் தீர்ந்தால் மேற்பரப்பை நெருங்கிக் காற்றுக்குழாயை நீட்டியாக வேண்டும். அந்த வேளையில்தான் பகைவன் கண்ணிற் படும் ஆபத்து. இதை நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் கற்பித்ததுண்டு. அவர் சொன்னபோது பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

ஓய்வு பெற்ற பின்னும் குர்சுராவுக்குக் கடற்படை ஒரு சிறப்பைச் செய்கிறது. விழா நாட்களில் பணியிலுள்ள கப்பல்கள் முகப்பு முதல் பின்புறம்வரை வண்ணக் கொடிகளைத் தோரணமாகக் கட்டுவது மரபு. பணியிலிருக்கும் கப்பலுக்கே உரிய அந்த அலங்காரம் குர்சுராவுக்கும் உண்டு. நம் தமிழகத்திலும், 2010 டிசம்பரில் ஓய்வு பெற்ற ‘வாக்லி’ என்ற நீர்மூழ்கியை மாமல்லபுரத்தில் நிறுத்துவதாக ஒரு திட்டம் பிறந்தது. அது நிறைவேறவில்லை. இராசேந்திர சோழனின் படை 1025-இல் கடாரம் சென்றதைப் பாடத்தில் நடத்துகிறோம். அக்காலத்துக் கலம் ஒன்றேனும் காட்டுங்கள் ஐயா என்று மாணவன் கேட்டால் காட்டுவதற்கு நம்மிடம் இல்லை.

கப்பல் வரும்போது வரட்டும். அதுவரை காத்திராமல் செய்யத்தக்கது ஒன்று உண்டு. முதியவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, மாலை சூட்டி, புகைப்படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அறிவுடையவனுக்குச் செய்யும் மரியாதை அவனிடம் கற்றுக்கொள்வதே. 1971-இல் இருபது வயதாயிருந்த மாலுமிக்கு இன்று எழுபது கடந்துவிட்டது. தூத்துக்குடியில் தோணிகளுக்குப் பஞ்சு திணித்துக் கலப்பற்றுச் செய்யும் தொழிலாளிகளிலும் முதியவர்கள் குறைந்து வருகிறார்கள். அவர் அறிந்தவை எந்தப் புத்தகத்திலும் இல்லை.

டிசம்பர் 4-ஆம் நாள் கடற்படை நாள். 1971-இல் நம் படகுகள் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய இரவின் நினைவாகக் கொண்டாடப்படுவது. அன்று மதுரைச் சுற்றுவட்டாரத்துப் பள்ளி ஒவ்வொன்றும் தன் ஊரிலோ அடுத்த ஊரிலோ உள்ள ஓய்வு பெற்ற கடற்படைக்காரர் ஒருவரை அழைக்கட்டும். மேடையில் உட்கார வைத்து நாம் பேசாமல், அவரைப் பேச விடுவோம். வீரச் செயல் என்ன புரிந்தீர் என்று கேட்டால் பெரும்பாலோர் கூச்சப்பட்டு ஒன்றுமில்லை என்பார்கள். ஆகவே மாணவர்கள் வேலையைப் பற்றிக் கேட்கட்டும். காலையில் எழுந்ததும் முதலில் எந்தக் கருவியைத் தொட்டீர்கள்? துருவை எந்த இடத்தில் முதலில் தேடுவீர்கள்? எஞ்சின் அறையில் இரவுக் காவலின்போது எந்த ஓசை மாறினால் எழுந்து ஓடுவீர்கள்? அந்த வேலையை உங்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் யார்? விடைகளை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளட்டும். கைபேசியில் குரலையும் பதிவு செய்யலாம். இன்று அது எளிது. பேச்சினிடையே அவர் ஒரு தாளை வாங்கி வால்வு ஒன்றின் படத்தைக் கிறுக்கிக் காட்டினால், அந்தத் தாளைக் கசக்கி எறிந்துவிடாமல், நாளும் பெயரும் குறித்துப் பள்ளி நூலகத்தில் சேர்த்து வைக்கட்டும்.